இருபத்தொரு நாள் வாய்ப்பூட்டு

மே 2, வியாழன். ரயில்

இந்த நோட்டு மதி வாங்கிக் கொடுத்தது. எங்க ஒரே மக, பெங்களூர்ல வேலை. "போற இடத்துல தினமும் எழுதும்மா"ன்னா. எனக்கு எழுதுறது ஒண்ணும் புதுசு இல்ல. பாளையங்கோட்டைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துல பத்தொம்பது வருஷமா சத்துணவு அமைப்பாளர். இன்னைக்கு எத்தனை பிள்ளைக, என்ன குழம்பு, முட்டை நல்லா வெந்துதான்னு தேதி போட்டு எழுதி எழுதி, பதிவேடு எழுதாத நாள்ல எனக்குச் சோறு இறங்காது.

விஷயத்துக்கு வாரேன். எனக்கு அம்பத்திரண்டு, இவருக்கு அம்பத்தொம்பது. இந்த வயசுல ஆளுக்கொரு முதுகுப்பையை மாட்டிக்கிட்டு இமயமலைப் பக்கம் ஊர் சுத்தப் போறோம். எல்லாம் மதி ஏற்பாடு. "மாசி மாசம் பூரா ஆஸ்பத்திரியே கதின்னு கிடந்தீங்க, ரெண்டு பேரும் போயிட்டு வாங்க"ன்னு டிக்கெட்டும் போட்டு, ஆரஞ்சு கலர்ல ரெண்டு பையும் அனுப்பிட்டா. சேலைக்குக் கீழ ஷூவும் முதுகுல பையுமா நான் தெருவுல இறங்கினப்ப எதிர்வீட்டு செண்பகம் துவைக்கப்போட்ட துணியோட அப்படியே நின்னுட்டா. பாக்கட்டும். எனக்கென்ன வெக்கம்.

எனக்கு இந்தி தெரியாது. அதுல எனக்குக் கவலையே இருந்ததில்ல. இவர், இசக்கிமுத்து, பட்டாளத்துல சிக்னல் பிரிவுல பதினேழு வருஷம் இருந்த மனுஷன். காதால கேட்டுக் கத்துக்கிட்ட இந்தி. எழுத்து ஒண்ணு தெரியாது, ஆனா இந்தியில சண்டையே போடுவாரு. தமிழ்ல மட்டும் குறைச்சலா? பல்லு விளக்கும்போது ஆரம்பிக்கிற பேச்சு, படுக்குற வரைக்கும் ஓயாது. இப்ப பேங்க் வாசல்ல செக்யூரிட்டியா நிக்காரு. உள்ள போற ஒவ்வொரு ஆளும் இவர்கிட்ட பத்து நிமிஷம் மாட்டிட்டுத்தான் போவாங்க. இந்த வாய் கூட வருதுங்குற தைரியத்துலதான் நான் கிளம்பினதே.

ரயில் கங்கைகொண்டான் தாண்டல. சட்டைப்பையில இருந்து ஒரு காகிதத்தை எடுத்து என் மடியில வெச்சாரு.

"இன்று முதல் 21 நாள் மௌன விரதம். வைகாசி விசாகம் முடிய. ஒரு வார்த்தை பேச மாட்டேன். காரணம் கேட்காதே. இட்லிப் பொட்டலத்தை எடு."

கோவில்பட்டியில சிரிச்சேன். சாத்தூர்ல திட்டினேன். மதுரையில கெஞ்சினேன். இப்ப திண்டுக்கல் வந்துட்டு. இட்லி காலி, வார்த்தை வரல. திரும்புற ரயில் வீடு வந்து சேருறது இருபத்து மூணாம் தேதி. அப்போ போய்ட்டு வார வரைக்கும் ஊமைப் பயணமா? கோட்டிக்காரன்கூட இப்படி நாள் பார்க்க மாட்டான்.

மே 3, வெள்ளி. ரயில்

பெரிய போன் போச்சு. தமிழ்ல சொன்னா அதுவே இந்தியில சொல்லும்னு மதி படிச்சுப் படிச்சுச் சொல்லிக் கொடுத்த போன். எனக்கு மிச்சம் இருந்த தைரியமே அதுதான். இவர் அதைச் சட்டைப்பையில வெச்சுக்கிட்டே கக்கூஸுக்குப் போனாரு. குனிஞ்சாரு.

திரும்பி வந்து என் முன்னால நின்னு நடிச்சுக் காட்டினாரு. கையை மேல இருந்து கீழ இறக்கினாரு, கண்ணை மூடினாரு, நெஞ்சுல அடிச்சுக்கிட்டாரு. "யாருங்க? யாரு விழுந்தா?"ன்னு நான் பதறினேன். என் பதட்டத்தைப் பார்த்து எதிர் சீட்டு வடக்கத்தி அம்மா யாரோ ரயில்ல இருந்து விழுந்துட்டாங்கன்னு நெனச்சு சங்கிலியைப் பிடிச்சு இழுக்க எந்திரிச்சுட்டா. இவர் ஓடிப்போய் அவ கையைப் பிடிச்சாரு. அவ புருஷன் இவர் சட்டையைப் பிடிச்சான். அப்பவும் ஒரு வார்த்தை பேசல இந்த மனுஷன். கடைசியில காகிதத்துல எழுதிக் காட்டினாரு: "போன் கக்கூஸில்." எழுதத்தான் தெரியுதே, அதை முதல்ல செஞ்சா என்ன?

இனி என்னோட பட்டன் போன்தான் கதி.

மே 4, சனி. டெல்லி

ஆட்டோவுல போகும்போது இவர் ஒரு பச்சை மிளகாயைக் கடிச்சுட்டாரு. ஸ்டேஷன் வாசல்ல வாங்கின சமோசாவோட வந்தது. கண்ணுல தண்ணி, மூக்குல தண்ணி, தொண்டையைப் பிடிச்சுக்கிட்டுக் கையைக் கையை ஆட்டுதாரு. "தண்ணி"ன்னு ஒரு வார்த்தை சொன்னா முடிஞ்சுது. சொல்ல மாட்டாரு. நான் "ஐயோ, ஐயோ"ன்னேன். ஆட்டோக்காரர் கண்ணாடியில பார்த்தாரு, ஹாரனை அழுத்தினவர் விடவே இல்ல. ரெண்டு சிக்னலைத் தாண்டி நேரா ஒரு ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குள்ள கொண்டு விட்டுட்டாரு.

அங்க டாக்டர் டார்ச் அடிச்சு, வாயைத் திறந்து சத்தம் போடச் சொன்னாரு. இவர் திறந்தாரு, சத்தம் போடல. இன்னும் பெருசாத் திறந்தாரு, அப்பவும் இல்ல. பேச்சே நின்னுபோச்சுன்னு முடிவு பண்ணிட்டாங்க. சக்கர நாற்காலி வருது, ஊசி வருது. "ஒண்ணும் இல்ல சார், விரதம் சார், செந்தூர் முருகன் சார்"ன்னு நான் கத்துறேன். அது யாருக்குப் புரியும்?

அந்த ஆஸ்பத்திரி வாசனை வேற. அந்தக் குளுந்த தரை, பச்சைத் திரை. எனக்கு ஒரேயடியா வேர்த்துட்டு. டெல்லி வெயில் அப்படி. சக்கர நாற்காலியில உக்கார வெச்ச மனுஷன் என் முகத்தைப் பார்த்தாரு, எந்திரிச்சாரு, ரெண்டு பையையும் முன்னாலயும் பின்னாலயும் மாட்டினாரு, என் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டுப் பின்வாசல் வழியா வெளிய வந்துட்டாரு. என் பையையும் இவர்தான் சுமக்காரு. நான் இடது தோள்ல பாரம் ஏத்தக்கூடாதாம். அங்க ஒரு கட்டி இருந்துது, மாசியில எடுத்தாச்சு. அவ்வளவுதான் விஷயம். 27-ம் தேதி ஒரு ஸ்கேன் பார்க்கணும்.

மே 5, ஞாயிறு. பஸ்

இன்னைக்கு இவரைத் தொலைச்சேன்.

விடியக்காலம் கிளம்பின பஸ். பத்து மணிக்கு ரோட்டோரக் கடையில ரொட்டிக்கு நிறுத்தினாங்க. நான் சாப்பிட்டுட்டு ஏறிக் கண்ணயர்ந்துட்டேன். முழிச்சா பக்கத்து சீட்டுல ஆரஞ்சுப் பை மட்டும் உக்காந்திருக்கு. என் தொண்டை நூத்தியெண்பது பிள்ளைகளை வரிசையில நிக்க வெச்ச தொண்டை. "நிறுத்துல வண்டியை!"ன்னு ஒரு சத்தம் போட்டேன். டிரைவருக்குத் தமிழ் தெரியாது, ஆனா பிரேக் பிடிச்சுட்டாரு.

முக்கால் மணி நேரம் ரோட்டுல நின்னோம். பஸ்ல இருந்தவங்க எல்லாரும் என்னை ஏசினாங்க, எனக்குப் புரியாததால வலிக்கல. அப்புறம் செம்மறியாடு ஏத்தின லாரி ஒண்ணு வந்துது. ஆடுகளுக்கு நடுவுல இவர். இறங்கி, மேல ஒட்டின ரோமத்தைத் தட்டிவிட்டு, எல்லாருக்கும் ஒரு கும்பிடு போட்டுட்டு ஏறினாரு.

பஸ் கிளம்பும்போது பின்னாலயே ஓடி வந்திருக்காரு. எழுதிக் காட்டினாரு. ஒரு குரல் கொடுத்திருந்தா டிரைவர் நிறுத்தியிருப்பாரு. கொடுக்கல.

"உசிரே போனாலும் வாயைத் திறக்க மாட்டியளா?"ன்னு கேட்டேன். யோசிக்கவே இல்ல. மாட்டேன்னு தலையாட்டினாரு. அதுக்கப்புறம் நானும் இவர்கூடப் பேசல. எனக்கு மட்டும் ரோஷம் இல்லையா?

மே 7, செவ்வாய். மலை

குலு தாண்டி, ஆத்துக்கு மேல ஒரு ஊர். பேரு என் வாயில நுழையல. மதி பிடிச்சுக் கொடுத்தது ஒரு விடுதி. கட்டிலுக்கு மேல கட்டில் போட்டு, ஒரே ரூம்ல எட்டு பேர். எல்லாம் நம்ம மதி வயசுப் பிள்ளைக. எதுத்தாப்புல மலை, மலை மேல பனி. பனியை நான் இன்னைக்குத்தான் பாக்கேன். ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னேன். நல்லா இருக்கு.

எனக்கு ஒரு நாக்கு கிடைச்சுட்டு! அடுப்படியில போய் "ஒரு வாய் வெந்நீர் யாராவது தருவியளா?"ன்னு சும்மா காத்தோட பேசினேன். "தர்றனுங்க அம்மிணி"ன்னு பதில் வருது. தூக்கிவாரிப் போட்டுது. சமையல்காரர் பிஷ்ணு. ஒடிசாக்காரர், நாப்பது வயசு இருக்கும், திருப்பூர் பனியன் கம்பெனியில பதினோரு வருஷம் இருந்தவராம். கொங்குத் தமிழ் பேசுற ஒடியாக்காரரை இமயமலையில பார்த்து நான் அழுதே போட்டேன். "அழுவாதீங்கோ, சோறு வடிச்சுத் தாறனுங்க"ன்னாரு.

மே 9, வியாழன்

இவர் வாயைத் திறக்க வெக்கிறதுன்னு கங்கணம் கட்டிட்டேன்.

பிஷ்ணு அடுப்புல நானே பருப்பு வெச்சு, உப்பே போடாமக் கொடுத்தேன். சாப்பிட்டாரு. கால் பெருவிரல்ல ஷூவோட மிதிச்சேன். மூஞ்சி சிவந்துது, அவ்வளவுதான். கடைசியா பெரிய குண்டைப் போட்டேன். பிள்ளைக எல்லாரும் உக்காந்திருக்கும்போது, "இவரு பட்டாளத்துல சப்பாத்தி உருட்டிக்கிட்டு இருந்தாரு, சிக்னல்லாம் சும்மா பீத்தல்"ன்னு பிஷ்ணுவை விட்டு இந்தியில சொல்லச் சொன்னேன். இவருக்கு உதடு துடிக்குது. ரூமுக்கு ஓடினாரு, பெரிய காகிதத்துல "சிக்னல்ஸ்!!! ஹவில்தார்!!!"ன்னு எழுதிக் கொண்டுவந்து ஒவ்வொருத்தர் மூஞ்சிக்கு நேராவும் காட்டினாரு. தமிழ் எழுத்து. ஒருத்தருக்கும் தெரியல. அழகா இருக்குன்னு ஒரு பிள்ளை அதை போட்டோ எடுத்துக்கிட்டா.

மே 11, சனி

இவர் சாமியார் ஆயிட்டாரு.

நான் சொல்லுறது நெசம். பத்து நாள் தாடி, வழுக்கைத் தலை, குளிருக்குப் போத்தின காவிக் கலர் போர்வை, வாயில பேச்சு இல்ல. அது போதாதா? மௌனி பாபான்னு பேரு வெச்சுட்டாங்க. காலையில அந்தக் குளிர்ல மொட்டை மாடியில இவரைச் சுத்தி ஏழு பிள்ளைக சம்மணம் போட்டு உக்காந்திருக்கு. அதுல ரெண்டு வெள்ளைக்காரப் பிள்ளைக.

புனேக்காரப் பிள்ளை ஒருத்தி வேலையை விடவா வேண்டாமான்னு இவரைக் கேட்டா. பிஷ்ணு எனக்குத் தமிழ்ல சொன்னாரு. இவர் அந்நேரம் ரொட்டி தின்னுட்டிருந்தாரு, அவளுக்குப் பின்னால இருந்த ஊறுகாய் பாட்டிலைக் கை காட்டினாரு. அவ திரும்பிப் பார்த்தா. பாட்டிலுக்கு அந்தப் பக்கம் மலை, மலை மேல வெயில். "புரிஞ்சுது பாபா"ன்னு பொலபொலன்னு அழுதுட்டா. ஊறுகாய் கடைசி வரைக்கும் வரல. இவரும் வெறும் ரொட்டியைத் தின்னுட்டு ஞானி மாதிரி சிரிக்காரு. கள்ளம்!

சரி, கிடைச்ச ஆளை விடுவானேன்னு பிஷ்ணுவைக் கூப்பிட்டு, "பாபா எல்லாரையும் வெங்காயம் உரிக்கச் சொல்லுதாரு"ன்னேன். ஏழு பிள்ளைகளும் கண்ணீரோட உரிச்சுது. இன்னைக்கு மத்தியானம் முப்பது பேருக்கு சாம்பார் வெச்சேன். கை கொஞ்சம் வலிக்குது, ஆனா மனசுக்குத் தெம்பா இருக்கு.

மே 12, ஞாயிறு

மதி போன் பண்ணினா. "உங்கப்பன் பண்ணுற கூத்தைக் கேளுட்டி"ன்னு உப்பில்லாப் பருப்புல இருந்து எல்லாத்தையும் சொன்னேன். அவ சிரிக்கல.

"அம்மா, அவரைப் போட்டுப் படுத்தாதம்மா. உன்கிட்ட சொல்லக்கூடாதுன்னாரு. அன்னைக்கு உன்னை ஆபரேஷன் தியேட்டருக்குள்ள கொண்டு போனதும், வராண்டாவுல செந்தூர் எந்தத் திசைன்னு ஒவ்வொரு நர்ஸா கேட்டாரு. அந்தப் பக்கம் திரும்பி நின்னு, 'அவ முழுசா வெளிய வந்துட்டா விசாகத்துக்குள்ள இருபத்தொரு நாள் வாயைக் கட்டுதேன்'னு நேர்ந்துகிட்டாரு. 'ஏம்ப்பா, போயும் போயும் பேச்சையா'ன்னு கேட்டேன். 'எனக்குப் பிடிச்சதுன்னு வேற என்ன இருக்கு'ன்னாரு. பேங்க்ல வாய் திறக்காம நிக்க முடியாது. லீவு கிடைச்சதே இந்த இருபத்தொரு நாள்தான். நடுவுல ஒரு வார்த்தை வந்தாலும் உனக்கு வந்தது திரும்ப வந்துரும்னு பயப்படுதாரும்மா."

சிக்னல் சரியில்லன்னு போனை வெச்சுட்டேன். உருளைக்கிழங்கு உரிச்சேன். தேவைக்கு மேலயே உரிச்சுட்டேன்.

மே 13, திங்கள்

துணி துவைச்சேன். காயல. பருப்புல உப்பு சரியாப் போட்டேன்.

மே 15, புதன்

இவருக்கு மத்தியானத் தூக்கத்துல உளறுற பழக்கம் உண்டு. எனக்கு அது இப்பத்தான் ஞாபகம் வந்துது. மூணு நாளா இவர் தூங்கும்போது பக்கத்துல உக்காந்து காவல் காக்கேன். உதடு அசைஞ்சா தட்டி எழுப்பிருவேன். இவருக்கு எதுக்குன்னு தெரியாம முழிக்காரு. நேத்து ஒரு தும்மல் போட்டாரு, அதுல பாதி வார்த்தை மாதிரி இருந்துது. தும்மல் பேச்சுல சேராதுன்னு நானே முடிவு பண்ணிட்டேன்.

இன்னைக்குக் காவலுக்கு உக்கார முடியல, அடுப்புல வேலை. ஒரு துண்டை எடுத்து, தூங்குற மனுஷனுக்குத் தாடையோட சேர்த்து உச்சந்தலையில முடிச்சுப் போட்டேன். இனி வாய் திறக்காதுல்ல. ஒரு எட்டு தள்ளி நின்னு பார்த்தேன். மல்லாக்கப் படுத்திருக்காரு. கை ரெண்டும் நெஞ்சு மேல. தாடைக்கட்டு. பிணத்தைக் கிடத்தினாத்தான் இப்படிக் கட்டுவாங்க.

பிடுங்கி எறிஞ்சேன். இவர் பதறி எந்திரிச்சு என்னன்னு கையால கேட்டாரு. "ஒண்ணும் இல்ல, தூங்குங்க"ன்னேன். தூங்கல. நானும் அடுப்படிக்குப் போகல. ரெண்டு பேரும் கட்டில் விளிம்புல சும்மா உக்காந்திருந்தோம்.

சாயங்காலம் கீழ இறங்கினா, சாப்பாட்டு மேசையில ஏழு பிள்ளைகளும் தாடையில துண்டு கட்டிட்டு உக்காந்திருக்கு. யாரோ ஜன்னல் வழியா பாபாவைப் பார்த்திருக்கு. "அவுருங்க சவங்களா!"ன்னு கத்தினேன். பிஷ்ணு மொழிபெயர்க்கதுக்குள்ள அவுத்துட்டாங்க.

மே 16, வியாழன்

இன்னும் ஆறு நாள். இவர் இருமினாக்கூட ஓடிப்போய் வாயைப் பொத்துதேன்.

மே 19, ஞாயிறு

இன்னைக்கு நடந்ததை ஒழுங்கா, நடந்தபடி எழுதுதேன்.

நாளைக்கு ஊருக்குக் கிளம்பணும். பனியைக் கையால தொடாமப் போறதான்னு பிஷ்ணு எங்களை மேல கூட்டிட்டுப் போனாரு. ஒத்தையடிப் பாதை. இடது பக்கம் பாறை, வலது பக்கம் கீழ ஆறு. ஆத்துச் சத்தம்னா சத்தம், காதோட காதா பேசினாத்தான் கேக்கும். நான் முன்னால போனேன். இருபது முப்பது அடி பின்னால இவர். முதுகுல ஒரு பை, நெஞ்சுல ஒரு பை, வலது கையில ஊணுகம்பு, இடது கையில சோத்துத் தூக்கு. அவருக்குப் பின்னால பிஷ்ணு.

பனி ஒரு திருப்பத்துல கிடந்துது. அழுக்காத்தான் இருந்துது, இருந்தாலும் பனி. நான் குனிஞ்சு தொடப் போனேன்.

அப்ப இவர் கை தட்டினாரு.

நான் திரும்பிப் பார்த்து ரெண்டு எட்டு பின்னால வந்தேன். நான் நின்ன இடத்துல மேல இருந்து ஒரு கல்லு வந்து விழுந்து, ஆத்துக்குள்ள போச்சு. கல்லுன்னா சின்னக் கல்லு இல்ல, எங்க பள்ளிக்கூடத்துச் சோத்து அண்டா அளவு. பனி இருந்த இடத்துல குழி.

இவர் முட்டி போட்டு உக்காந்துட்டாரு. கம்பு ஒரு பக்கம், தூக்கு ஒரு பக்கம் உருண்டு கிடக்கு. ரெண்டு கையாலயும் வாயைப் பொத்திக்கிட்டு அழுதாரு. பிஷ்ணு ஓடி வந்தாரு. "அம்மிணி! ஐயா பேசி..."

"பிஷ்ணு"ன்னேன். முட்டையை ஒளிச்சு வெச்சிருக்க பையனைப் பாக்குற பார்வை ஒண்ணு எங்கிட்ட உண்டு. அந்தப் பார்வை பார்த்தேன். "உமக்கு என்ன கேட்டுது?"

அவர் என்னைப் பார்த்தாரு. இவரைப் பார்த்தாரு. "கை தட்டுனதுங்க அம்மிணி."

"ஆங். அதான்."

கையில கம்பும் தூக்கும் இருந்துதே, எப்படித் தட்டினாருன்னு யாராவது கேக்கலாம். பட்டாளத்துக்காரர். தட்டுவாரு. இதைப் படிக்கிறது யாரா இருந்தாலும் சரி, செந்தூர்க்காரரே ஆனாலும் சரி: கை தட்டினாரு. நான் தேதி போட்டு எழுதின எதுவும் பத்தொம்பது வருஷத்துல தப்பா இருந்ததில்ல.

மே 20, திங்கள். பஸ்

இவர் நேத்து மத்தியானத்துல இருந்து சாப்பிடல. காகிதத்துல ஒரே வரி எழுதி எங்கிட்ட கொடுத்தாரு. "போச்சு." நான் அதைக் கிழிச்சுப் போட்டேன். மறுபடி எழுதினாரு. மறுபடி கிழிச்சேன். நாலாவது காகிதத்தை பிஷ்ணு முன்னாலயே வாயில போட்டு மென்னுட்டேன்.

பஸ்ல உக்கார வெச்சு அமைதியாச் சொன்னேன். "என்ன போச்சு? பக்கத்துல நின்ன எனக்கே ஆத்துச் சத்தத்துல ஒண்ணும் கேக்கல. அங்க இருந்து செந்தூர் எங்க கிடக்கு? அவருக்கு எப்படிக் கேட்டிருக்கும்? அவருக்கே கடல் இரைச்சல்."

இவருக்கு உதட்டு ஓரம் லேசா அசைஞ்சுது, சிரிப்பு மாதிரி. ஆனா நம்பல. என் வலது கையை எடுத்துத் தன் தலை மேல வெச்சாரு. சத்தியம் பண்ணணும்.

கை ஒரு தடவை வழுக்கிட்டு. பஸ் ரோடு அப்படி. அவர் தலையில இருந்து கையை எடுத்து என் உச்சந்தலையில வெச்சேன். "என் மேல சத்தியம். கை தட்டின சத்தம்தான் கேட்டுது. வேற ஒண்ணும் கேக்கல."

ரொம்ப நேரம் என் முகத்தையே பார்த்தாரு. அப்புறம் பெருமூச்சு விட்டுட்டுப் பையில இருந்து பிஷ்ணு கட்டிக் கொடுத்த எலுமிச்சம்பழச் சோத்தை எடுத்துப் பிரிச்சாரு. என் பங்கையும் சேர்த்துத் தின்னுட்டாரு.

பொய்ச் சத்தியம் பண்ணினா என்ன ஆகும்னு எனக்கும் தெரியும். எவ மேல பண்ணினாளோ அவளுக்கு ஆகும். நான் பொய் சொல்லல. நேத்தைய பதிவை வேணும்னா எடுத்துப் பார்த்துக்கலாம்.

மே 22, புதன். ரயில்

விசாகம். நடுவழியில ஏதோ ஒரு ஸ்டேஷன்ல வாங்கின வாழைப்பழத்தை ஜன்னல்ல வெச்சுக் கும்பிட்டோம். நான் என்ன கேட்டேன்னு எழுத மாட்டேன்.

மே 23, வியாழன். ரயில்

விடிஞ்சதும் டீ வந்துது. இவர் கப்பை வாங்கி, தொண்டையைச் செருமி, வாயைத் திறந்தாரு. நான் மூச்சைப் பிடிச்சுட்டு உக்காந்திருந்தேன். இருபத்தொரு நாளைக்குப் பிறகு முதல் வார்த்தையா டீக்காரர்கிட்ட, "சீனி தூக்கலா இருக்கே"ன்னாரு.

அப்புறம் அணை உடைஞ்ச கதைதான். திண்டுக்கல் வரைக்கும் ஆட்டு லாரி. மதுரை வரைக்கும் மிளகாய். தான் சப்பாத்தி உருட்டல, சிக்னல்ஸ்ல ஹவில்தார்னு விருதுநகர் வரைக்கும் எனக்குப் பாடம். மேல் பெர்த்துக்காரர் ரெண்டு தடவை "சார், கொஞ்சம் மெதுவா"ன்னாரு. "நீங்க காதைப் பொத்திக்கிட்டுத் தூங்குங்க தம்பி, இவர் பேசட்டும்"னு சொல்லிட்டேன்.

சாத்தூர்கிட்ட திடீர்னு நிறுத்தினாரு. "ஏட்டி, அன்னைக்கு நெசமாவே உனக்கு ஒண்ணும் கேக்கலையா?"

"எத்தனை தடவை கேப்பிய? கை தட்டினிய, திரும்பினேன்."

"ம். அப்ப சரி." மூஞ்சி தெளிஞ்சுட்டு. "இருபத்தேழாந்தேதி ஸ்கேனுக்கு நானும் உள்ள வாரேன். டாக்டர்கிட்ட நாலு கேள்வி கேக்கணும்"னாரு. இவருக்குப் பயம் போயிட்டு. எனக்கும் இல்ல. எனக்கென்ன பயம்.

கல்யாணமாகி இருபத்தொம்பது வருஷம். ஏட்டி, இந்தா, மதி அம்மா, இப்படித்தான் என்னைக் கூப்பிடுவாரு. கல்யாணப் பத்திரிகையில அச்சடிச்சதோட சரி, என் பேரை இவர் சொன்னதே கிடையாது. அவங்க வீட்டுப் பழக்கம், எனக்கும் அது பெருசாத் தெரிஞ்சதில்ல. இப்ப ஜன்னல்கிட்ட உக்காந்து, "ஏட்டி, கோவில்பட்டி வருது, கடலைமிட்டாய் வாங்கணும்"ங்காரு. பேரைச் சொல்லி ஒரு தடவை கூப்பிடுங்களேன்னு நானா வாயை விட்டுக் கேக்கவும் முடியாது. எதுக்கு இப்ப இந்த ஆசைன்னு கேப்பாரு. மாட்டிக்குவேன்.

வடிவுன்னு இவர் தொண்டை கிழியக் கூப்பிட்டா எப்படி இருக்கும்? எனக்கு எப்படித் தெரியும். நான் கேட்டதே இல்ல.